பைலட் பயிற்சிக்கு எந்த வயதில் சேரலாம்? பிளஸ் டூ மாணவர்களுக்கும் முப்பதைத் தாண்டியவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் தொடங்கும். "பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகலை சார், பைலட் கோர்ஸ்ல சேர்த்துக்குவாங்களா?" மீதிப் பாதி நேர் எதிர்க்கரையில் இருந்து வரும். "எனக்கு முப்பத்திரண்டு ஆயிடுச்சு, இனிமே முடியுமா?" சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு பேருக்கும் முடியும் என்பதுதான் பதில். அதற்கப்புறம் எந்த வேலையை முதலில் செய்வது, எதை எப்போது செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிரவுண்ட் கிளாஸ், அதாவது விமானி தேர்வுகளுக்கான பாட வகுப்பு, எடுத்த ஆண்டுகளில் பார்த்ததை வைத்து அதை வரிசையாகச் சொல்கிறேன். நான் சொல்வது இந்தியாவில் லைசென்ஸ் எடுப்பதைப் பற்றி.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு லைசென்ஸுக்குத்தான். வணிக விமானி உரிமம், அதாவது நாம் சிபிஎல் என்று சொல்வது, அது வழங்கப்படும் நாளில் உங்களுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். பறக்கக் கற்றுக்கொள்வதை அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடலாம். இது தெரியாமல் பதினெட்டாவது பிறந்தநாளுக்காக ஒரு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் தேர்வுகளில் பாதியை முடித்திருக்கலாமே என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

16, 17, 18, 21

இந்த நான்கு எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். 16 வயது நிறைந்து பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் மாணவ விமானி உரிமம், எஸ்பிஎல், எடுக்கலாம். 17-ல் தனியார் விமானி உரிமமான பிபிஎல். 18-ல் சிபிஎல். பெரிய விமானத்தின் கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவமும் வேண்டும்.

இவை 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் இருக்கின்றன. தாய்ச் சட்டமான 1934-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய விமானச் சட்டம் வந்திருக்கிறது. அதனால் இந்த வயதுகள் மாறிவிடவில்லை. 17, 18, 21 ஆகிய மூன்றும் மான்ட்ரியாலில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த பொதுத் தரம். ஆகவே இலங்கையில் இருந்து ரத்மலானையில் படிக்க நினைப்பவருக்கும் சிபிஎல் என்றால் 18 வயதுதான். அமெரிக்காவில் சிபிஎல்லுக்கு 18 என்றாலும் முழு ஏடிபி சான்றிதழுக்கு 23 கேட்பார்கள்.

பதினாறு வயதில் எஸ்பிஎல் என்றால் என்ன என்பது பல பெற்றோர்களுக்குப் புரிவதில்லை. ஏதோ நுழைவுச் சீட்டு மாதிரி என்று நினைக்கிறார்கள். அந்த உரிமம் இருந்தால், பயிற்சியாளர் திருப்தி அடைந்து அனுமதி கொடுக்கும் நாளில், அந்தப் பிள்ளை தனியாகவே விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். கியர் வைத்த பைக்கை ரோட்டில் ஓட்ட 18 ஆக வேண்டும். செஸ்னா 152 என்ற பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்ட 16 போதும்!

முதல் சோலோ நாளை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு, மூன்று முறை பயிற்சியாளரோடு சுற்றி இறங்கியதும் அவர் சீட் பெல்ட்டைக் கழற்றி, காலியான சீட்டில் அந்த பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, "ஒரே ஒரு சுற்று" என்று சொல்லி இறங்கிவிடுவார். கதவு சாத்தும் சத்தம் கேட்கும். இரண்டே சீட் உள்ள குட்டி விமானத்தில் ஒரு ஆளின் எடை குறைந்துவிட்டதால், டேக் ஆஃப் ஆனதும் அது முன்பைவிடச் சட்டென்று மேலே ஏறும். அந்த வித்தியாசத்தை உடம்பில் உணரும்போதுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைக்கும். அந்தப் பொறுப்பைப் பதினாறில் தாங்குவாரா, பதினெட்டில் தாங்குவாரா என்பதை அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக யாரையும் அவசரப்படுத்த வேண்டாம்.

முதல் படி: பணம் கட்டுவதற்கு முன் மெடிக்கல்

எந்த ஃபிளையிங் ஸ்கூலுக்கும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் உடல் தகுதிப் பரிசோதனையை முடியுங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். சிபிஎல் எடுத்து முடிக்க ஏறத்தாழ அரைக் கோடி ரூபாய் ஆகிறது. நிலத்தை அடமானம் வைத்து முதல் தவணை கட்டிவிட்டு, அப்புறம் நிறக்குருடு என்று தெரியவந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கே அதுவரை தெரியாது. பச்சையும் சிவப்பும் குழம்பும் என்பதைப் பள்ளியில் யாரும் கவனித்ததில்லை.

இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் கிளாஸ் 2 மெடிக்கல். இதை டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பட்டியலிட்ட மருத்துவர்கள் செய்வார்கள். தமிழ்நாட்டிலேயே முடித்துவிடலாம். எஸ்பிஎல்லுக்கு இது போதும். அடுத்தது கிளாஸ் 1. சிபிஎல்லுக்கு இது கட்டாயம். இதை அதற்கென்று அனுமதி பெற்ற மையத்தில்தான் எடுக்க முடியும். நீண்ட காலம் பெங்களூரு, டெல்லி போன்ற ஊர்களில் உள்ள விமானப்படை மருத்துவ மையங்களுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது எங்கெங்கே எடுக்கலாம் என்பதை டிஜிசிஏ இணையதளத்தில் அன்றைய பட்டியலைத் திறந்து பாருங்கள். போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், கண் என்று எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் தகுதி போய்விடும் என்ற பேச்சு இன்னும் ஊரில் சுற்றுகிறது. கண்ணாடியால் பார்வை சரியாகி, பவர் வரம்புக்குள் இருந்தால் தகுதி உண்டு. நிறம் பார்க்கும் சோதனைதான் பலருக்குப் புதிது. வட்டத்துக்குள் பல நிறப் புள்ளிகள் நிறைந்த இஷிஹாரா அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சில நொடிகளில் சொல்ல வேண்டும். நெட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போவதில் பயனில்லை. அட்டையைக் கலைத்துக் காட்டுவார்கள். இரவில் ரன்வே விளக்கின் நிறத்தையும் எதிரே வரும் விமானத்தின் விளக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பவரைக் குறைக்க லேசிக் என்ற லேசர் கண் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்வதற்கு முன் கிளாஸ் 2 பார்க்கும் மருத்துவரிடம் உங்கள் வயதையும் பவரையும் சொல்லிக் கேளுங்கள். பார்வை இன்னும் மாறிக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதில் அவசரப்பட்டு செய்துகொள்வதைக் கண் மருத்துவர்களே விரும்புவதில்லை.

இரண்டாம் படி: காகிதத்தில் உங்கள் வயது

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிக மாதங்களை இழப்பது இங்கேதான்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் ஆகிய ஐந்தையும் மேசை மேல் வரிசையாக வையுங்கள். பிறந்த தேதி ஐந்திலும் ஒன்றா என்று விரலை வைத்துப் பாருங்கள். இப்போது பள்ளி முடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முப்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் சிக்கல். பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஒரு ஜூன் மாதத் தேதியை வாத்தியார் எழுதிவிட்டிருப்பார். பிறப்புச் சான்றிதழ் வேறு தேதி சொல்லும்.

தேதியைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆதாரில் மூன்றாவது வடிவம். நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஆனால் டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் டெல்லி அதிகாரிக்கு இனிஷியல் என்ற வழக்கமே பழக்கம் இல்லாமல் இருக்கலாம். விண்ணப்பம் திரும்பி வரும், திருத்தி அனுப்புவீர்கள், மறுபடி வரிசையின் கடைசி. ஆகவே மெடிக்கலுக்குப் போவதற்கு முன்பே பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மார்க் ஷீட்டை மாற்றுவது கடினம் என்பதால் அதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது நல்லது. அதுவும் முடியாவிட்டால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு அந்தப் பக்கத்தை எல்லா விண்ணப்பத்தோடும் இணைக்கலாம்.

பதினெட்டு ஆகாதவர்களுக்கு இன்னொரு காகித வேலையும் உண்டு. மைனர் கையெழுத்து போட்ட ஒப்பந்தம் செல்லாது. பயிற்சி நிறுவனத்தின் ஒப்பந்தம், கடன், ஹாஸ்டல் எல்லாமே அப்பா அல்லது அம்மா பெயரில்தான் போகும். கையெழுத்து போடப் போகும் அவர்தான் பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். பாதியில் விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள், விமானம் பழுதாகி நின்றால் யார் பொறுப்பு, பறக்காத மணி நேரத்துக்குப் பணம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மூன்றாம் படி: பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும்

சிபிஎல்லுக்கு இந்த இரண்டு பாடங்களிலும் தேறியிருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள், டிப்ளமோ வழியாக இன்ஜினியரிங் போனவர்கள் இதைப் பார்த்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில், என்ஐஓஎஸ் என்பார்கள், அந்த இரண்டு பாடங்களை மட்டும் எடுத்து எழுதலாம். முப்பது வயதில் மறுபடி நியூட்டன் விதியைப் படிப்பது கூச்சமாக இருக்கிறது என்று ஒரு தங்கை சொன்னார். ஆறு மாதம் கழித்து நேவிகேஷன் வகுப்பில் காற்று முக்கோணக் கணக்கை முதலில் முடித்தவர் அவர்தான். பாடம் புதிதாக மனதில் இருந்தது.

நான்காம் படி: பதினேழரை வயதுக்காரரின் காலண்டர்

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதும்போது அவருக்குப் பதினேழரை. செப்டம்பரில்தான் பதினெட்டு.

தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே கிளாஸ் 2 மெடிக்கல். ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட் சரிபார்ப்பு, டிஜிசிஏ தேர்வு எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பருக்கு விண்ணப்பம். ஜூன் முதல் கிரவுண்ட் கிளாஸ். ஏர் ரெகுலேஷன்ஸ், நேவிகேஷன், வானிலை, டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் ஆகிய தாள்களில் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தனித் தேர்வு. இடையில் கிளாஸ் 1 மெடிக்கல். எஸ்பிஎல்லுக்கான வாய்மொழித் தேர்வைப் பயிற்சி நிறுவனமே நடத்தும்.

அப்புறம் பறப்பது. சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானத்துக்கு நீங்களே பொறுப்பாளராக இருந்து பறந்திருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், கருவிகளை மட்டும் பார்த்து 10 மணி நேரம், ஊர் விட்டு ஊர் போகும் பறப்பில் 20 மணி நேரம். அப்படிப் போகும் பயணங்களில் ஒன்று 300 நாட்டிகல் மைல் தூரம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பறக்க முடியாது. வட இந்தியாவில் என்றால் டிசம்பர், ஜனவரி காலை நேரங்களைப் பனி மூட்டம் விழுங்கிவிடும். விமானம் சர்வீஸுக்குப் போகும், பயிற்சியாளர் மாறுவார். எல்லாம் சேர்த்து ஒன்றரை வருடம் ஆவது சாதாரணம். இரண்டு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு லைசென்ஸ் கைக்கு வரும்போது பத்தொன்பதைத் தாண்டியிருக்கும். பதினெட்டு என்ற வரம்பு வழியில் எங்கேயோ அவர் கவனிக்காமலேயே கடந்து போயிருக்கும். பிபிஎல் தனியாக எடுத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. எஸ்பிஎல்லில் இருந்து நேரே சிபிஎல்லுக்குப் போகிறவர்களே அதிகம்.

சீக்கிரம் தொடங்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. சிபிஎல்லுக்குக் காட்டும் 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். பதினாறில் ஆசையாகத் தொடங்கி, முப்பது மணி நேரத்தோடு பணம் தீர்ந்து, காலேஜ் முடித்து இருபத்திரண்டில் திரும்பி வருபவருக்கு அந்த முப்பது மணி நேரம் பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் நினைவாக மட்டும் இருக்கும். பணம் முழுதும் தயாராக இல்லை என்றால் இரண்டு வருடம் தள்ளித் தொடங்குங்கள். எந்தக் குறையும் வராது.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு

எஸ்பிஎல்லுக்கோ சிபிஎல்லுக்கோ மேல் வயது வரம்பு கிடையாது. நாற்பதிலும் எடுக்கலாம். ஆனால் ஏர்லைனில் வேலை என்பது நோக்கம் என்றால் கணக்கை மறுமுனையில் இருந்து, 65-ல் இருந்து போடுங்கள். சர்வதேச விதியில் இரண்டு விமானிகள் உள்ள விமானத்தில் 65 வயது வரைதான் பயணிகளை ஏற்றிப் பறக்கலாம்; ஒற்றை விமானியாக என்றால் 60. இரண்டு விமானிகள் உள்ள விமானத்துக்கும் 2006 வரை 60 என்றுதான் இருந்தது.

34-ல் தொடங்கினால் 36-ல் சிபிஎல். ஏ320 அல்லது ஏடிஆர் போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங், வேலை தேடும் காலம் இரண்டும் சேர்ந்தால் 38. மீதி 27 ஆண்டுகள். காகிதத்தில் இது நீண்ட காலம்தான். ஆனால் ஏர்லைன்களே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்கள் முப்பதை ஒட்டி மேல் வரம்பு வைப்பது வழக்கம். அந்தக் கதவு உங்களுக்குச் சாத்தியிருக்கும் என்று வைத்துக்கொண்டு, சிபிஎல் முடித்தவர்களை நேரடியாக எடுக்கும் அறிவிப்புகளில் வயது என்ன போட்டிருக்கிறார்கள் என்று கடைசி இரண்டு மூன்று அறிவிப்புகளைத் தேடிப் படியுங்கள். பயிற்சியாளராகப் பறப்பது இன்னொரு வழி. பலர் அதில் மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் நகர்ந்திருக்கிறார்கள்.

இந்த வயதில் என் கவலையெல்லாம் வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும்போது வேலையை விடுவதைப் பற்றித்தான். வேலையில் இருந்துகொண்டே மெடிக்கலை முடியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை ஆகியவை இருபதில் ஒரு பொருட்டாகவே இருக்காது; முப்பத்தைந்தில் அவைதான் முதலில் எழுந்து நிற்கும். தேர்வுகளையும் மாலை வகுப்பிலோ ஆன்லைனிலோ படித்து வேலையோடு எழுதிவிடலாம். ஐந்து தாளும் கையில் வந்த பிறகு ராஜினாமா கடிதத்தை எழுதினால் போதும். தாள்களில் இரண்டு முறை தோற்றுப் பாதியில் விட்டால்கூட அதுவரை போனது புத்தகக் காசும் தேர்வுக் கட்டணமும்தான்.

வயதில் கறாரான மற்ற கதவுகள்

அரசின் இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சிக் கழகம், ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் இருப்பது, நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறது. சேரும்போது 17 நிறைந்திருக்க வேண்டும். விமானப்படையில் பறக்க வேண்டும் என்றால் வயது மிகவும் கறாராக இருக்கும். பிளஸ் டூ முடித்துச் சேரும் தேசிய பாதுகாப்பு அகாடமியான என்டிஏவுக்குப் பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. பட்டம் முடித்து ஏஎஃப்கேட் என்ற விமானப்படை நுழைவுத் தேர்வு வழியாகப் போனால் பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24. சிபிஎல் வைத்திருப்பவர்களுக்கு 26 வரை. இதில் ஆசை இருப்பவர்கள் இதை முதலில் முயன்றுவிட்டு அப்புறம் சிவில் பக்கம் வருவதே சரி. சிவில் லைசென்ஸ் காத்திருக்கும், இந்த வயது காத்திருக்காது.

சரி, கிளாஸ் 2-வுக்கு நேரம் வாங்கிவிட்டீர்கள் என்றால் முந்தின இரவு சீக்கிரம் தூங்குங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ரத்தச் சர்க்கரை பார்ப்பதற்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரச் சொல்வார்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியையும் அதன் சீட்டையும் எடுத்துப் போங்கள். சளி பிடித்திருந்தால் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அடைத்த காதோடு கேட்கும் சோதனையில் உட்கார வேண்டாம். சின்ன வயதில் வலிப்பு, ஆஸ்துமா, அறுவை சிகிச்சை எது இருந்திருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.